காற்றுதானே என்று எண்ணாதீர்கள்!



நம் பாட்டன் காலத்தில் தோட்டத்துக் கருவி என்றால் பால்வெட்டும் கத்தி, மண்வெட்டி, பாராங், செம்பனைக் குலை இறக்கும் உளியும் நீண்ட கழி அரிவாளும்தான். கையின் பலமே கருவியின் பலம். கை ஓய்ந்தால் கருவியும் ஓய்ந்துவிடும். இன்று அப்படியா? புல்லை மிசின் வெட்டுகிறது. மரத்தைச் செயின்சா அறுக்கிறது. செம்பனைக் குலையையும் மட்டையையும் வெட்டுவதற்குக்கூட மோட்டார் அரிவாள் வந்துவிட்டது. மலேசியச் செம்பனை எண்ணெய் வாரியம் உருவாக்கிய 'சந்தாஸ்' என்ற கருவியைப் பல தோட்டங்களில் பார்க்கலாம். தோட்டத்துப் பட்டறையில் டிராக்டர் டயருக்குக் காற்றடிக்கக் கம்பிரசர் நிற்கிறது.

நம் பிள்ளைகளோ தோட்டத்தை விட்டு வெளியேறி, கிள்ளானிலும் மேருவிலும் காப்பாரிலும் ஷா ஆலத்திலும் டயர்க் கடை, கார்ப் பட்டறை, இரும்புப் பட்டறை, கட்டுமான வேலை என்று போய்விட்டார்கள். ஷா ஆலம் நகரமே ஒரு காலத்தில் தோட்டமாக இருந்த மண்ணில் எழுந்ததுதானே! பால்வெட்டிய குடும்பத்தின் பேரப்பிள்ளை இன்று கிரைண்டர் பிடிக்கிறான். ஆகவே இந்தக் கட்டுரை வேலை செய்கிறவருக்கு மட்டுமல்ல, வீட்டிலிருந்து அவரை வழியனுப்பி வைக்கும் உங்களுக்கும்தான்.

இந்தக் கருவிகளால் வரும் ஆபத்தில் ஒரு சூது இருக்கிறது. தொடக்கத்தில் அது மிகச் சிறியதாகவே தெரியும். விரலில் ஓர் ஊசிமுனைத் துளை. தொட்டியின் அடியில் கொஞ்சம் தண்ணீர். காதில் லேசான இரைச்சல். விரல் நுனியில் எறும்பு ஊர்வது போல ஒரு குறுகுறுப்பு. "அட, இது ஒரு விஷயமா?" என்று விட்டுவிடுகிறோம். விட்டதற்கு விலை, சில சமயம் ஒரு விரல், சில சமயம் ஓர் உயிர்.

தொட்டிக்குள் ஒரு யானை

"கம்பிரசர்ல என்னாண்ணே இருக்கு? வெறும் காத்துதானே!" என்று இளம்பிள்ளைகள் கேட்பதுண்டு. கணக்குப் போட்டுப் பார்ப்போம், வாருங்கள்.

பட்டறைக் கம்பிரசரின் மீட்டர் சாதாரணமாக 100 பவுண்டுக்கு மேல் காட்டும். ஒவ்வொரு சதுர அங்குல இடத்திலும் 100 பவுண்டு எடை உட்கார்ந்து தள்ளுகிறது என்பது அதன் பொருள். தொட்டியின் இரு பக்கமும் வட்டமான மூடி இருக்கிறதல்லவா? அது 12 அங்குல அகலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த மூடியின் பரப்பு ஏறத்தாழ 113 சதுர அங்குலம். அதைக் காற்று தள்ளும் பலம் 11,300 பவுண்டு, அதாவது 5 டன்னுக்கும் அதிகம். வளர்ந்த ஆண் யானை ஒன்றின் எடை அது! அந்த யானையை அடைத்து வைத்திருப்பது ஒரு தகரக் கனத்து இரும்புதான். இரும்பு நல்ல நிலையில் இருக்கும்வரை யானை நமக்கு வேலை செய்யும். இரும்பு கெட்டால்?

இரும்பு எப்படிக் கெடுகிறது? நம் நாட்டுக் காற்றில் ஈரம் அதிகம். எட்டுப் பங்கு காற்றை ஒரு பங்கு இடத்தில் அமுக்கி அடைக்கும்போது அந்த ஈரமெல்லாம் தண்ணீராகித் தொட்டியின் அடியில் தங்கிவிடுகிறது. வெளியே பளபளவென்று சாயம் பூசியிருக்கும். உள்ளே, அடிப்பாகத்தில், துரு இரும்பைத் தின்றுகொண்டே இருக்கும். கண்ணுக்குத் தெரியாது. ஒரு நாள் மெலிந்த இடத்தில் தொட்டி பிளந்துகொண்டு பறக்கும்.

இதற்கு வைத்தியம் மிக எளிது. காசு செலவில்லை. தொட்டியின் அடியில் ஒரு சிறு திருகு அல்லது குழாய் இருக்கும். தினமும் வேலை முடிந்ததும் மிசினை நிறுத்தி, அழுத்தத்தைக் குறைத்து, அந்தத் திருகைத் திறந்து தண்ணீரை வடித்துவிடுங்கள். செம்மண் நிறத்தில் தண்ணீர் வந்தால் உள்ளே துரு பிடித்துவிட்டது என்று பொருள். உடனே பொறுப்பாளரிடம் சொல்லுங்கள்.

வேறு மூன்று காரியங்களையும் மனத்தில் வையுங்கள். முதலாவது, தொட்டியின் மேல் இருக்கும் பாதுகாப்பு வால்வு. அழுத்தம் அளவு மீறினால் தானே திறந்து காற்றை வெளியேற்றுவது அதுதான். "சத்தம் போடுது, காத்து வீணாகுது" என்று அதை அடைப்பதும், கம்பி சுற்றிக் கட்டுவதும், ஆணியடித்து மூடுவதும் தற்கொலைக்குச் சமம். இரண்டாவது, மீட்டர். கண்ணாடி உடைந்த, முள் அசையாத மீட்டரை வைத்துக்கொண்டு வேலை செய்யக் கூடாது. மூன்றாவது, ஓட்டை விழுந்த தொட்டிக்கு வெல்டிங் பற்றவைத்து மீண்டும் பயன்படுத்துவது. "சின்ன ஓட்டைதான், பத்த வெச்சா சரியாப் போயிடும்" என்பார்கள். ஓர் இடத்தில் ஓட்டை விழுந்தால் சுற்றியுள்ள இரும்பும் மெலிந்துதான் இருக்கும். அந்தத் தொட்டியை ஒதுக்கிவிட வேண்டும்.

பெட்ரோலில் ஓடும் கம்பிரசரைக் கதவடைத்த பட்டறைக்குள் ஓட்டாதீர்கள். அதன் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தலைவலி, மயக்கம், பிறகு நித்திரை. அந்த நித்திரையிலிருந்து எழுந்திருக்காதவர்கள் உண்டு.

உடம்பில் காற்றடிக்கும் பழக்கம்

மாலையில் வேலை முடிந்ததும் பல பட்டறைகளில் ஒரு காட்சியைக் காணலாம். சட்டையில் தூசி. கையில் காற்றுக் குழாய். புஸ்ஸென்று தலை முதல் கால் வரை அடித்துத் தட்டிக்கொள்வார்கள். ஒருவர் முதுகில் மற்றவர் அடித்துவிடுவார். இதைப் போல ஆபத்தான பழக்கம் வேறில்லை.

காதுச் சவ்வு கிழிவதற்கு 5 பவுண்டு அழுத்தமே போதும். குழாயிலோ 100 பவுண்டு. அந்தக் காற்று இரும்புத் துகளைக் கண்ணுக்குள் அடித்துவிடும். கையில் ஒரு சிராய்ப்போ வெட்டோ இருந்தால் அதன் வழியாகத் தோலுக்கடியில் புகுந்துவிடும். புகுந்த இடம் வீங்கும். தொட்டால் உப்பு நொறுங்குவது போல நெறநெறவென்று இருக்கும். காற்று இரத்தக் குழாய்க்குள் போய்விட்டால் உயிருக்கே ஆபத்து.

இதில் விளையாட்டு வேண்டவே வேண்டாம். 2024 மார்ச் மாதம் இந்தியாவின் பெங்களூர் நகரில் ஒரு வாகனப் பழுதுபார்க்கும் நிலையத்தில் நடந்ததைக் கேளுங்கள். நண்பர்கள் இருவர். வேடிக்கைக்காக ஒருவர் மற்றவரின் பின்புறத்தில் காற்றுக் குழாயைப் பிடித்து அடித்தார். உள்ளே பாய்ந்த காற்று குடலைச் சிதைத்துவிட்டது. 24 வயது இளைஞர் ஆஸ்பத்திரியில் உயிரை விட்டார். அடித்தவரைப் போலீஸ் கைது செய்தது. பகை இல்லை, சண்டை இல்லை. "காத்துதானே" என்ற எண்ணம் ஒன்றே இரண்டு குடும்பங்களைக் கெடுத்துவிட்டது. உங்கள் பிள்ளை பட்டறையில் வேலை செய்கிறானா? இந்தச் சேதியை இன்றிரவே அவனிடம் சொல்லுங்கள்.

அமெரிக்காவின் வேலையிடப் பாதுகாப்பு விதியில், இயந்திரங்களைச் சுத்தம் செய்யக்கூட 30 பவுண்டுக்குக் குறைவான காற்றையே பயன்படுத்த வேண்டும், தூசி திருப்பியடிக்காமல் தடுப்பும் கண்ணாடியும் வேண்டும் என்று இருக்கிறது. அதுவும் இயந்திரத்துக்குத்தான், மனித உடம்புக்கு அல்ல. சட்டைத் தூசியைத் துடைப்பத்தால் தட்டுங்கள், ஈரத் துணியால் துடையுங்கள். பழைய வண்டிகளின் பிரேக் தூசியை ஒருபோதும் காற்றடித்து ஊதாதீர்கள். அதில் நுரையீரலைக் கெடுக்கும் அஸ்பெஸ்டாஸ் நார் இருக்கலாம். நனைத்துத் துடைப்பதே நல்லது.

காற்றால் இயங்கும் கிரீஸ் பம்ப், சாயம் பீச்சும் கருவி ஆகியவை இன்னும் பொல்லாதவை. கம்பிரசரின் 100 பவுண்டைப் பல ஆயிரம் பவுண்டாகப் பெருக்கி அனுப்பும் பம்புகள் உண்டு. அதன் வாயில் விரல் வைத்தால் கிரீஸும் சாயமும் கையுறையைத் துளைத்து விரலுக்குள் பாய்ந்துவிடும். வெளியே தெரிவது ஊசி குத்தியது போன்ற ஒரு புள்ளி. வலிகூட முதலில் அதிகம் இருக்காது. பிளாஸ்டர் ஒட்டிக்கொண்டு வேலையைத் தொடர்வார்கள். உள்ளே அந்த மருந்து சதையை அழித்துக்கொண்டே கை நெடுகப் பரவும். முதல் ஆறு மணி நேரத்துக்குள் அறுவைச் சிகிச்சை செய்து கழுவினால் விரலைக் காப்பாற்ற வாய்ப்பு அதிகம். மறுநாள் வரை பொறுத்தால் விரலையே எடுக்க வேண்டி வரலாம். அடைப்பு எடுக்கவும் முனை மாற்றவும் முதலில் காற்றை மூடி, குழாயில் எஞ்சிய அழுத்தத்தை வெளியேற்றிவிட்டே கை வைக்க வேண்டும்.

டயருக்கு எதிரே நிற்காதீர்கள்

கிள்ளான் துறைமுகத்துக்கு ஓடும் லாரிகளைப் பாருங்கள். ஒவ்வொரு டயரிலும் ஏறத்தாழ 100 பவுண்டு காற்று. கார் டயரைவிட மூன்று மடங்கு. சில லாரிச் சக்கரங்களின் ரிம் ஒரே துண்டாக இல்லாமல், வளையம் பூட்டியதாக இருக்கும். வளையம் சரியாக உட்காராமல் காற்றடித்தால் அது பீரங்கிக் குண்டு போலத் தெறிக்கும்.

ஆகவே லாரி டயருக்கும் டிராக்டர் டயருக்கும் காற்றடிக்கும்போது இரும்புக் கூண்டுக்குள் வைத்து அடிக்க வேண்டும். கையால் பிடித்துக்கொண்டு குனிந்து நிற்காமல், கவ்விக்கொள்ளும் முனையும் நீண்ட குழாயும் பயன்படுத்தி, பக்கவாட்டில் தள்ளி நில்லுங்கள். எவ்வளவு காற்று என்று டயரின் மேலேயே எழுதியிருக்கும். அதை மீறாதீர்கள். காற்று வைத்திருக்கும் சக்கரத்தின் ரிம்மில் வெல்டிங் பற்றவைப்பதும் கூடாது. முதலில் டயரைக் கழற்றுங்கள். கம்பிரசர் ரிப்பேர் என்று ஆக்சிஜன் சிலிண்டரை எடுத்து டயருக்கு அடிப்பவர்களும் உண்டு. ஆக்சிஜனும் எண்ணெயும் சேர்ந்தால் நெருப்பு. அதைக் கனவிலும் செய்யாதீர்கள்.

சுழல்வது சும்மா விடாது

கையடக்கமான 4 அங்குலக் கிரைண்டர் நிமிடத்துக்கு ஏறத்தாழ 11,000 முறை சுற்றுகிறது. அதன் சக்கர ஓரம் ஓடும் வேகத்தைக் கணக்கிட்டால் மணிக்கு 200 கிலோமீட்டர்! அந்த வேகத்தில் ஒரு துண்டு உடைந்து பறந்தால் முகம் என்ன ஆகும்?

கிரைண்டருக்குக் கவசத் தகடு இருக்கிறது. "இடைஞ்சலா இருக்கு" என்று பலர் முதல் நாளே கழற்றி எறிந்துவிடுகிறார்கள். கவசம் இல்லாத கிரைண்டரைத் தொடாதீர்கள். புதிய சக்கரம் மாட்டும்போது அதில் எழுதியுள்ள வேக எண்ணைப் பாருங்கள். அது மிசினில் எழுதியுள்ள எண்ணுக்குச் சமமாகவோ அதிகமாகவோ இருக்க வேண்டும். கீழே விழுந்த, விரிசல் விட்ட, ஈரத்தில் கிடந்த சக்கரம் வேண்டாம். மரம் அறுக்கும் பல் சக்கரத்தைக் கிரைண்டரில் மாட்டவே கூடாது. அது சிக்கிக்கொண்டு துள்ளினால் நேராகக் கழுத்துக்குத்தான் வரும்.

புல்வெட்டும் மிசின் கல்லையும் கம்பித் துண்டையும் துப்பாக்கிக் குண்டு போல வீசும். ஓட்டுகிறவர் கண்ணுக்கும் முகத்துக்கும் கவசம், காலுக்குப் பூட்ஸ் போட வேண்டும். மற்றவர்கள், முக்கியமாகக் குழந்தைகள், 15 மீட்டருக்கு, அதாவது 50 அடிக்கு, அப்பால் இருக்க வேண்டும். லயத்து முன்னால் புல் வெட்டும்போது பிள்ளைகளை வீட்டுக்குள் அழைத்துக்கொள்ளுங்கள் அம்மா. வேடிக்கை பார்ப்பது அதற்குப் பிறகு இருக்கட்டும். ஓட்டுகிறவரைக் கூப்பிட வேண்டுமானால் பின்னாலிருந்து போய்த் தோளைத் தொடாதீர்கள். அவருக்குக் காது கேட்காது. திடுக்கிட்டுத் திரும்பினால் கத்தியும் சேர்ந்து திரும்பும். எதிர்ப்புறம் தூரத்தில் நின்று கையசைத்துக் கூப்பிடுங்கள்.

உடையைப் பற்றியும் ஒரு வார்த்தை. தொங்கும் சட்டை நுனி, கழுத்தில் துண்டு, சாரோங், கயிறு, சங்கிலி, அவிழ்ந்த கூந்தல் எதுவும் சுழலும் கருவியின் அருகில் கூடாது. துளைபோடும் மிசினில் துணிக் கையுறையும் ஆபத்தே. கையுறையின் நூல் சிக்கினால் விரலும் கூடவே போகும். கையுறை எங்கே வேண்டும், எங்கே வேண்டாம் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு போடுங்கள்.

நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட். மின்கருவியின் வயரில் தோல் உரிந்திருந்தால், பிளக் உடைந்திருந்தால், அன்றைக்கு அந்தக் கருவிக்கு லீவு கொடுங்கள். ஈரத் தரையில், மழைச் சாரலில் மின்கருவி வேண்டாம். கசிவு மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவி பட்டறையிலும் வீட்டிலும் அவசியம் இருக்க வேண்டும். மாதம் ஒரு முறை அதன் சோதனைப் பொத்தானை அழுத்திப் பாருங்கள். டக்கென்று விழ வேண்டும்.

விரலில் எறும்பு ஊர்ந்தால்

இனிச் சொல்லப்போவது அடிபட்டு வரும் காயமல்ல. மெல்ல மெல்ல, வருடக் கணக்கில் வரும் கேடு.

1918ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஆலிஸ் ஹாமில்டன் என்ற பெண் டாக்டர் இந்தியானா மாநிலத்தின் பெட்ஃபோர்ட் ஊர்ச் சுண்ணாம்புக்கல் தொழிலாளர்களைப் போய்ப் பார்த்தார். காற்றுச் சுத்தியல் கொண்டு கல்லைச் செதுக்குகிறவர்கள் அவர்கள். குளிர்ந்த காலை வேளையில் அவர்களுடைய விரல்கள் இரத்த ஓட்டம் நின்று வெள்ளையாகிச் செத்தவை போல மரத்துக் கிடந்தன. இடைவிடாத அதிர்வு விரலின் இரத்தக் குழாயையும் நரம்பையும் கெடுக்கிறது என்று அவர் எடுத்துக் காட்டினார். 'வெள்ளை விரல்' என்றே அந்த நோய்க்குப் பெயர் வந்துவிட்டது.

"அது குளிர் நாட்டு நோய், நமக்கென்ன?" என்று தோன்றலாம். இங்கேதான் நாம் ஏமாந்துபோகிறோம். நம் கோலாலம்பூரிலேயே ஒரு கட்டுமானத் தளத்தில் ஆராய்ச்சியாளர்கள் தொழிலாளர்களின் கைகளைச் சோதித்து 2011ஆம் ஆண்டு முடிவை வெளியிட்டார்கள். கான்கிரீட் உடைக்கும் மிசின், துளைபோடும் மிசின், கிரைண்டர் ஆகியவற்றின் அதிர்வையும் அளந்தார்கள். கான்கிரீட் உடைக்கும் மிசினின் அதிர்வு கிரைண்டரைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. அதிக அதிர்வில் வேலை செய்தவர்களிடம் விரலில் குறுகுறுப்பு, மரத்துப்போதல், தொடு உணர்ச்சி குறைதல் ஆகியவை அதிகமாகக் காணப்பட்டன. ஆனால் குளிர் நாடுகளில் காணும் வெள்ளை விரல் நம் வெப்பத்தில் அப்படி வெளிப்படுவதில்லை.

இதன் பொருள் என்ன? நமக்கு விரல் வெளுத்து எச்சரிக்கை செய்யாது. மரத்துப்போவதும் குறுகுறுப்பதும்தான் நமக்குக் கிடைக்கும் ஒரே எச்சரிக்கை. வேலை முடிந்து வெகு நேரம் ஆகியும் விரலில் எறும்பு ஊர்கிறதா? இரவில் கை மரத்துத் தூக்கம் கலைகிறதா? சட்டைப் பொத்தான் போடவும் சில்லறைக் காசு பொறுக்கவும் விரல் தடுமாறுகிறதா? "வயசாகுது, வாயு" என்று தைலம் தேய்த்துவிட்டுப் படுக்காதீர்கள். டாக்டரிடம் போய், "நான் இன்ன மிசினைத் தினம் இத்தனை மணி நேரம், இத்தனை வருஷமாகப் பிடிக்கிறேன்" என்று சொல்லுங்கள். நீங்கள் சொல்லாவிட்டால் அவருக்கு எப்படித் தெரியும்? முற்றிய பிறகு இந்த நோய் முழுதாகக் குணமாவது அரிது. தொடக்கத்தில் கண்டு வேலையை மாற்றிக் கொடுத்தால் கை தப்பும்.

தடுக்கும் வழி இதுதான். மிசினை இறுக்கிப் பிடிக்காதீர்கள், தேவையான அளவு மட்டும் பிடியுங்கள். ஒருவரே நாள் முழுதும் பிடிக்காமல் முறை வைத்து மாற்றிக்கொள்ளுங்கள். கத்தி மழுங்கினால் அதிர்வு கூடும், ஆகவே தீட்டி வையுங்கள். கிரைண்டர் ஆடினால் சக்கரத்தை மாற்றுங்கள். புகைப்பது விரலுக்குப் போகும் இரத்தத்தைக் குறைக்கும். அதையும் விடுவது நல்லது.

காதுக்கு வேறு காது இல்லை

பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குடியிருப்புகளிலும் செந்தூலிலும் ஒரு தலைமுறை வாழ்ந்தது. செந்தூல் ரயில்வே பட்டறை நம்மவர் பலருக்குச் சோறு போட்டது. கொதிகலன் பட்டறைகளில் இரும்பை அடித்தவர்களுக்குக் காது மந்தமாவது உலகமெங்கும் தெரிந்த சங்கதி. ஆங்கிலத்தில் அதற்குக் 'கொதிகலன்காரர் செவிடு' என்றே பழைய பெயர் உண்டு.

நம் நாட்டின் 2019ஆம் ஆண்டுச் சத்த விதிகளின்படி எட்டு மணி நேர வேலைக்கு 85 டெசிபெல்தான் எல்லை. 3 டெசிபெல் கூடினால் சத்தத்தின் சக்தி இரட்டிப்பாகிறது. ஆகவே 88 டெசிபெல்லில் நான்கு மணி நேரமும், 91இல் இரண்டு மணி நேரமும் எட்டு மணி நேரக் கேட்டைச் செய்துவிடும். செயின்சா 100ஐயும் தாண்டிவிடும். அளக்க மீட்டர் இல்லையா? கை எட்டும் தூரத்தில் நிற்பவரிடம் கத்திப் பேச வேண்டியிருந்தால் அந்த இடத்தின் சத்தம் எல்லை மீறியது என்று வைத்துக்கொள்ளுங்கள். காதடைப்பான் போடுங்கள். பஞ்சு போதாது.

சத்தத்தால் கெட்ட காது திரும்ப வராது. வீட்டில் உள்ளவர்கள்தான் முதலில் இதைக் கண்டுபிடிப்பார்கள். வீட்டுக்காரர் டிவியைக் கூட்டிக்கொண்டே போகிறாரா? பேத்தி கூப்பிட்டால் திரும்பவில்லையா? "திமிரு" என்று கோபிக்காதீர்கள் அம்மா. காதைச் சோதிக்க அழைத்துப் போங்கள்.

அடிபட்டால் என்ன செய்வது?

தோலைத் துளைத்துக் காற்றோ கிரீஸோ சாயமோ உள்ளே போனால், புள்ளி எவ்வளவு சிறிதானாலும், நேராகப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள். கிள்ளானில் தெங்கு அம்புவான் ரஹிமா ஆஸ்பத்திரி, தலைநகரில் கோலாலம்பூர் ஆஸ்பத்திரி இருக்கின்றன. "அழுத்தத்தில் உள்ளே பாய்ந்தது" என்ற வார்த்தையைச் சொல்லுங்கள். என்ன பொருள் பாய்ந்தது என்ற டப்பாவையும் கொண்டுபோங்கள். கசக்கிப் பிழியாதீர்கள், சூடு வைக்காதீர்கள், எண்ணெய் தடவாதீர்கள். கையை உயர்த்தி வைத்துக்கொள்ளுங்கள்.

கண்ணில் துகள் குத்தி நின்றால் பிடுங்காதீர்கள், தேய்க்காதீர்கள். ஒரு காகிதக் கிண்ணத்தால் கண் மேல் படாமல் மூடி அழைத்துச் செல்லுங்கள். விரல் துண்டானால், சுத்தமான துணியால் காயத்தை அழுத்தி இரத்தத்தை நிறுத்துங்கள். துண்டான விரலைச் சுத்தமான ஈரத் துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி, அந்தப் பையை ஐஸ் மேல் வையுங்கள். விரலை நேராக ஐஸில் போடக் கூடாது. மின்சாரம் தாக்கியவரைத் தொடும் முன் சுவிட்சை அணைக்க வேண்டும். அவசர அழைப்பு எண் 999.

சட்டம் என்ன சொல்கிறது?

1967ஆம் ஆண்டின் தொழிற்சாலை, இயந்திரச் சட்டம் 2024 ஜூன் 1ஆம் தேதியோடு நீக்கப்பட்டது. அன்றிலிருந்து, திருத்தப்பட்ட 1994ஆம் ஆண்டின் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் ஏறத்தாழ எல்லா வேலையிடங்களுக்கும் பொருந்துகிறது. தோட்டமும் அதில் அடக்கம், மூலைமுடுக்கில் உள்ள பட்டறையும் அடக்கம். முதலாளிக்கு விதிக்கக்கூடிய உச்ச அபராதம் 50,000 வெள்ளியிலிருந்து 500,000 வெள்ளியாக உயர்ந்திருக்கிறது. உங்களுக்குப் பயன்படும் நான்கு செய்திகள் இவை:

ஒன்று. சட்டப்படி கொடுக்க வேண்டிய பாதுகாப்புப் பொருளுக்கு, அது கண்ணாடியோ காதடைப்பானோ, உங்கள் சம்பளத்தில் காசு பிடிக்கக் கூடாது.

இரண்டு. உடனடி ஆபத்து இருப்பதாக நம்ப நியாயமான காரணம் இருந்து, முதலாளி அதை நீக்க நடவடிக்கை எடுக்காவிட்டால், அந்த வேலையிலிருந்து விலகி நிற்க உங்களுக்கு உரிமை உண்டு. அதற்காக உங்களைப் பழிவாங்கக் கூடாது. கட்டிப்போட்ட பாதுகாப்பு வால்வு உள்ள தொட்டியின் பக்கத்தில் நின்று வேலை செய் என்று யாரும் உங்களைக் கட்டாயப்படுத்த முடியாது.

மூன்று. ஐந்து பேரும் அதற்கு மேலும் உள்ள இடத்தில் பாதுகாப்புக்குப் பொறுப்பான ஒருவர் இருக்க வேண்டும். நாற்பது பேரும் அதற்கு மேலும் இருந்தால் பாதுகாப்புக் குழுவே அமைக்க வேண்டும். உங்கள் குறையை மண்டோரிடம் சொல்லிப் பயனில்லையென்றால் அங்கே வையுங்கள், சங்கக் கிளைக்கும் தெரிவியுங்கள்.

நான்கு. சட்டத்துக்கு நீங்களும் கடமைப்பட்டவர்கள். கொடுத்த கவசத்தை ஆணியில் மாட்டி வைத்துவிட்டு வேலை செய்வது உங்கள் பங்குத் தவறு.

வேலையில் அடிபட்டால் சொக்சோ இருக்கிறது. முதலாளி விபத்து தெரிந்த 48 மணி நேரத்துக்குள் சொக்சோவுக்குத் தெரிவிக்க வேண்டும். சத்தத்தால் வரும் செவிட்டுத்தன்மையும் அதிர்வால் வரும் கை நோயும் தொழில் நோய்ப் பட்டியலிலேயே இருக்கின்றன. பலருக்கு இது தெரியாமல் உரிமையை இழக்கிறார்கள். வெளிநாட்டுத் தொழிலாளருக்கும் 2019 முதல் வேலை விபத்துப் பாதுகாப்பு உண்டு. சொந்தமாகப் புல்வெட்டிப் பிழைக்கிறவர்கள் 2017ஆம் ஆண்டின் சுயதொழில் சட்டத்தின் கீழ்ப் பதிந்துகொள்ளலாம். சிறு காயமானாலும் தேதி, நேரம், கருவி, பார்த்தவர் பெயர் ஆகியவற்றை எழுதி வையுங்கள். டிரெஸ்ஸரிடம் காட்டிப் பதிவு செய்யுங்கள். ஆஸ்பத்திரிச் சீட்டுகளை வீட்டில் பத்திரமாக எடுத்து வைப்பது தாய்மார்களின் பொறுப்பாக இருக்கட்டும்.

நாளைக் காலையில்

நாளை வேலைக்குப் போனதும் ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள். தொட்டித் தண்ணீர் நேற்று வடிக்கப்பட்டதா? பாதுகாப்பு வால்வு கட்டில்லாமல் இருக்கிறதா? ரப்பர்க் குழாயில் வெடிப்பு உண்டா? கிரைண்டருக்குக் கவசம் இருக்கிறதா? வயரின் தோல் நன்றாக இருக்கிறதா? இந்த ஐந்தையும் பார்த்துவிட்டு சுவிட்சைப் போடுங்கள். புதிதாக வந்த தம்பிக்கும் காட்டிக் கொடுங்கள். அவன் சிரித்துக்கொண்டே, "காத்துதானேண்ணே" என்றால், தொட்டிக்குள் இருக்கும் யானையின் கணக்கைச் சொல்லுங்கள்.